வட கரோலினாவின் கிராமப்புறக் கவுண்டிக்குக் குடிவந்தவர்களுக்கு: எக்ஸ்டென்ஷன் அலுவலக வகுப்புகளைப் பயன்படுத்துவது எப்படி

ராலே நகரை ஒட்டிய அடுக்கக வாழ்க்கையை விட்டு, வட கரோலினாவின் நடுப்பகுதியான பீட்மாண்டில் ஒரு கிராமப்புறக் கவுண்டிக்கு நாங்கள் குடிவந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. வீட்டைச் சுற்றி 2 ஏக்கர் செம்மண் நிலம் இருந்தது. அதில் என்ன செய்வது என்று சொல்லித்தர ஆள் இல்லை. பக்கத்து நிலத்துப் பெரியவர் ஒருவர்தாம், "எக்ஸ்டென்ஷன் ஆபீசுக்குப் போய்க் கேளுங்கள்" என்றார். உழவும் வீட்டு வாழ்க்கையும் கற்பிக்கும் அந்தக் கவுண்டி அலுவலகம் நடத்தும் வகுப்புகளையும் பயிற்சிகளையும் முறையாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ள எங்களுக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பிடித்தன. எந்த மாதத்தில் யாரிடம் போவது என்பதைச் சொல்ல ஆளில்லாததுதான் காரணம். ஒரு பயிற்சிக்கான விண்ணப்பத்தை இரண்டு வாரம் தாமதமாகக் கொண்டுபோனதால் ஓராண்டு முழுவதும் காத்திருந்தேன். உங்களுக்கு அந்த ஓராண்டு வீணாகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்லும் தேதிகளும் கட்டணங்களும் வட கரோலினாவுக்கு உரியவை. பிற மாநிலங்களிலும் இதே அமைப்பு உண்டு. ஆனால் நடத்தும் பல்கலைக்கழகம், கட்டணம், காலக்கெடு ஆகியவை மாறும். அங்கிருப்பவர்கள் படிகளின் வரிசையை எடுத்துக்கொண்டு, எண்களைத் தங்கள் கவுண்டியில் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளவும்.

1. அந்த அலுவலகம் எது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு "எக்ஸ்டென்ஷன்" என்றதும் வட்டாரத்து வேளாண் விரிவாக்க மையம் நினைவுக்கு வரும். மானிய விலையில் விதையும் இடுபொருளும் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பும் கூடவே வரும். நானும் அப்படி நினைத்துத்தான் விதை கேட்டுப் போனேன். இங்குள்ள அலுவலகத்தின் வேலை விதை விற்பதோ மானியம் தருவதோ அன்று. அதன் வேலை கற்பித்தல். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் வட கரோலினா ஏ அண்ட் டி மாநிலப் பல்கலைக்கழகமும், கவுண்டி அரசோடும் மத்திய வேளாண் துறையோடும் சேர்ந்து இதை நடத்துகின்றன. மாநிலத்தின் 100 கவுண்டிகளிலும் ஓர் அலுவலகம் உண்டு. கிழக்குச் செரோக்கி பழங்குடியினருக்கும் தனியாக ஒன்று உண்டு. நம் ஊர் அமைப்புகளில் இதற்கு நெருக்கமானதைச் சொல்வதென்றால், கே.வி.கே. என்று அழைக்கப்படும் வேளாண் அறிவியல் நிலையத்தைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் இங்கே உழவு, கால்நடை ஆகியவற்றோடு சமையல், ஊட்டச்சத்து, பிள்ளைகள் வளர்ப்பு ஆகியவையும் அதே கூரையின் கீழ் கற்பிக்கப்படுகின்றன.

பல கவுண்டிகளில் இந்த அலுவலகம் "அக்ரிகல்ச்சர் சென்டர்" என்ற பொதுக் கட்டடத்துக்குள் இருக்கும். அதே கட்டடத்தில் மத்திய அரசின் பண்ணைச் சேவை முகமையும், இயற்கை வளப் பாதுகாப்புச் சேவையும், கவுண்டியின் மண், நீர் பாதுகாப்பு அலுவலகமும் இருக்கக்கூடும். கதவுகளும் பலகைகளும் ஒன்றுபோலவே இருப்பதால் புதியவர்கள் தவறான மேசைக்கு முன் நின்றுவிடுகிறார்கள். கடன், பண்ணைப் பதிவு எண் ஆகியவை பண்ணைச் சேவை முகமையின் பொறுப்பு. வகுப்பு, பயிற்சி, ஆலோசனை என்றால் எக்ஸ்டென்ஷன் அலுவலகம்.

நிலம் வாங்கியவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விவசாய நிலத்துக்கான குறைந்த சொத்து வரி பற்றி எக்ஸ்டென்ஷன் அலுவலகத்தில் விளக்கக் கூட்டம் நடக்கலாம். ஆனால் விண்ணப்பம் போக வேண்டிய இடம் கவுண்டி வரி அலுவலகம். விற்றவர் அந்தச் சலுகையில் இருந்து, நீங்களும் அதைத் தொடர விரும்பினால், நிலம் உங்கள் பெயருக்கு மாறிய 60 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தவறினால் நடப்பு ஆண்டோடு முந்தைய மூன்று ஆண்டுகளின் தள்ளிவைக்கப்பட்ட வரியும் வட்டியோடு வந்து நிற்கும். அடுத்த வகுப்பு எப்போது என்று காத்திராமல் இதை மட்டும் உடனே கவனியுங்கள்.

2. உங்களுக்கு வேண்டிய ஏஜென்ட் யார் என்று கேளுங்கள்

இங்கே "ஏஜென்ட்" என்றால் தரகர் அல்லர். பல்கலைக்கழகத்தின் சார்பில் கவுண்டியில் பணிபுரியும் கல்வியாளர். ஒவ்வொருவருக்கும் ஒரு துறை உண்டு: காய்கறி, பழம், தோட்டம் ஆகியவற்றுக்குத் தோட்டக்கலை ஏஜென்ட், ஆடு, மாடு, மேய்ச்சல் நிலத்துக்குக் கால்நடை ஏஜென்ட், உணவுப் பாதுகாப்புக்கும் சத்துணவுக்கும் குடும்ப, நுகர்வோர் அறிவியல் ஏஜென்ட், ஃபோர்-எச் என்ற இளைஞர் திட்டத்தின் பிள்ளைகள் நிகழ்ச்சிகளுக்கு ஃபோர்-எச் ஏஜென்ட். இவர்கள் அனைவருக்கும் மேலே கவுண்டி இயக்குநர் இருப்பார்.

கிராமப்புறக் கவுண்டிகளில் ஒரே ஏஜென்ட் இரண்டு மூன்று கவுண்டிகளைப் பார்த்துக்கொள்வது வழக்கம். ஆகவே முன்னறிவிப்பின்றி 40 நிமிடம் கார் ஓட்டிச் சென்றால், அன்று அவர் அடுத்த கவுண்டியில் இருப்பதாக வரவேற்பு மேசையில் சொல்வார்கள். எனக்கு இது இரண்டு முறை நேர்ந்தது. முதலில் தொலைபேசியில் அழைத்து, "இந்த விஷயத்துக்கு எந்த ஏஜென்ட், அவர் எந்தக் கிழமைகளில் இங்கு இருப்பார்" என்று கேட்டு, அவருடைய மின்னஞ்சல் முகவரியைப் பெற்றுக்கொள்ளுங்கள். பிறகு ஒரே பொருளைப் பற்றி, சுருக்கமாக, படத்தோடு எழுதுங்கள். இலையில் புள்ளி விழுந்திருந்தால் இலையின் மேற்புறம், அடிப்புறம், செடி முழுமை என மூன்று படங்கள் அனுப்புங்கள்; அவை இருந்தாலே ஏஜென்டால் பெரும்பாலும் எதையாவது சொல்ல முடியும். படத்தால் தீராதது என்றால், மாதிரியைப் பல்கலைக்கழகத்தின் தாவர நோய், பூச்சி ஆய்வகத்துக்கு அனுப்ப அவரே வழிகாட்டுவார். அந்த ஆய்வகத்துக்குத் தனிக் கட்டணம் உண்டு.

முதல் உரையாடலிலேயே, கவுண்டியின் மின்னஞ்சல் செய்தி மடலில் உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். தோட்டக்கலைக்கு ஒன்று, ஃபோர்-எச்சுக்கு ஒன்று, கால்நடைக்கு ஒன்று எனத் தனித்தனிப் பட்டியல்கள் இருக்கும். ஒன்றில் சேர்ந்தால் மற்றவை தாமாக வாரா. நான் தோட்டக்கலைப் பட்டியலில் மட்டும் இருந்ததால், என் மகளின் வயதுக்கான கோடை நிகழ்ச்சிகள் திறந்ததும் நிரம்பியதும் எனக்குத் தெரியாமலே போயிற்று.

3. ஆண்டு நாள்காட்டியைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்

இந்த அலுவலகத்தின் வேலை பருவத்தை ஒட்டி நடக்கிறது. வேண்டும்போது கேட்டால் கிடைக்காது. அந்தந்த மாதத்தில் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். கவுண்டிக்குக் கவுண்டி சிறிது மாறினாலும் பொதுவான ஓட்டம் இதுதான்.

குளிர்காலத்தில், அதாவது டிசம்பர் முதல் மார்ச் வரை, விவசாயிகளுக்கான பயிர் கூட்டங்களும் பூச்சிமருந்து உரிமத்துக்கான பயிற்சிகளும் நடக்கும்; பல ஃபோர்-எச் முகாம்களுக்கான பதிவும் இந்தக் காலத்தில் திறக்கும். வசந்தத்தில் காய்கறித் தோட்ட வகுப்புகளும் தன்னார்வலர்களின் செடி விற்பனையும் வரும். மே முதல் ஆகஸ்ட் வரை உணவைப் புட்டியில் பதப்படுத்தும் வகுப்புகள் நடக்கும். மாஸ்டர் கார்டனர் என்ற தோட்டத் தன்னார்வலர் பயிற்சி சில கவுண்டிகளில் ஜனவரியில் தொடங்கும், சிலவற்றில் ஆகஸ்டில். சிறிய கவுண்டிகளில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறைதான். மண் பரிசோதனைக்கு ஏற்ற காலம் இலையுதிர் பருவம்.

4. மண் பரிசோதனையில் தொடங்குங்கள்

எந்த வகுப்புக்குப் போவதற்கு முன்னும் உங்கள் மண்ணைச் சோதித்து, அந்த அறிக்கையைக் கையில் வைத்திருங்கள். அறிக்கை இல்லாமல் தோட்ட வகுப்பில் உட்கார்ந்தால் கேட்பதெல்லாம் பொதுவாகவே இருக்கும். அறிக்கை இருந்தால் ஏஜென்ட் அதைப் பார்த்து, உங்கள் நிலத்துக்கு என்ன வேண்டும் என்பதை நேரடியாகச் சொல்வார்.

வட கரோலினாவில் சோதனையைச் செய்வது ராலேயிலுள்ள மாநில வேளாண், நுகர்வோர் சேவைத் துறையின் ஆய்வகம். சிறிய அட்டைப் பெட்டிகளும் படிவங்களும் எக்ஸ்டென்ஷன் அலுவலகத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை சோதனைக்குக் கட்டணம் இல்லை. டிசம்பர் முதல் மார்ச் வரை ஒரு மாதிரிக்கு 4 டாலர். பணத்தைவிட நேரந்தான் முக்கியம்: குளிர்காலத்தில் மாநிலம் முழுவதும் உள்ள விவசாயிகள் ஒரே நேரத்தில் அனுப்புவதால் முடிவு வரப் பல வாரங்கள் ஆகும். மேலும் நம் பகுதி மண் பெரும்பாலும் அமிலத்தன்மை கொண்டது. சுண்ணாம்பு இடச் சொன்னால் அது மண்ணில் வேலை செய்யச் சில மாதங்கள் பிடிக்கும். செப்டம்பரில் மண்ணை அனுப்பி, அக்டோபரில் முடிவைப் பார்த்து, உடனே சுண்ணாம்பு இட்டால் மே மாதத்தில் வெண்டை விதைக்க மண் ஆயத்தமாகியிருக்கும்.

மாதிரி எடுக்கும் முறையில் தவறினால் எல்லாம் வீண். காய்கறிப் பாத்திக்கு 6 முதல் 8 அங்குல ஆழம் வரையும், புல்தரைக்கு 4 அங்குலம் வரையும் மண் எடுக்க வேண்டும். ஒரே இடத்தில் அள்ளாமல், அந்தப் பாத்தி முழுவதும் அங்கங்கே 15 முதல் 20 இடங்களில் சிறிது சிறிதாக எடுத்து, சுத்தமான பிளாஸ்டிக் வாளியில் போட்டுக் கலக்க வேண்டும். வேர், கல், வைக்கோலை நீக்கிவிட்டு, பெட்டியில் போட்டிருக்கும் சிவப்புக் கோடு வரை நிரப்ப வேண்டும். மண்ணைப் பிளாஸ்டிக் பையில் கட்டிப் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. முன்புறத் தோட்டம், காய்கறிப் பாத்தி, பழ மரங்கள் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெட்டி வேண்டும்.

வாளியைப் பற்றி அழுத்திச் சொல்கிறேன். முதல் முறை நான் கொட்டகையில் கிடந்த துத்தநாகம் பூசிய இரும்பு வாளியில் மண்ணைக் கலந்தேன். அறிக்கையில் துத்தநாகக் குறியீடு மிக அதிகமாக வந்தது. நிலத்தில் ஏதோ கொட்டியிருக்கிறார்கள் என்று பயந்து, இரண்டு வாரம் நிலத்தை விற்றவரோடு கடிதப் போக்குவரத்து நடத்தினேன். ஏஜென்ட் கேட்ட முதல் கேள்வி, "எந்த வாளியில் கலந்தீர்கள்?" என்பதுதான். பிளாஸ்டிக் வாளியில் மீண்டும் எடுத்து அனுப்பியபோது எண் சாதாரணமாக வந்தது. பித்தளை, வெண்கலக் கருவிகளும் இதே சிக்கலைச் செம்பு அளவில் உண்டாக்கும்.

படிவத்தில் எந்தப் பயிருக்கு என்பதைக் குறிக்கும் குறியீட்டு எண்ணைத் தவறாமல் எழுதுங்கள். அவுரிநெல்லிக்கும் (புளூபெர்ரி) அசேலியா என்ற பூச்செடிக்கும் அமில மண் வேண்டும், தக்காளிக்கு அவ்வளவு அமிலம் ஆகாது. குறியீடு இல்லாவிட்டால் பரிந்துரை உங்களுக்குப் பொருந்தாது. அறிக்கை காகிதத்தில் வராது, இணையத்தில்தான் வரும்; ஆகவே மின்னஞ்சல் முகவரியைத் தெளிவாக எழுதுங்கள். மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகியவற்றுக்கு எதிரே ஒரு குறியீட்டு எண் இருக்கும்: 25 வரை குறைவு, 26 முதல் 50 வரை நடுத்தரம், 51 முதல் 100 வரை அதிகம். அதிகமாக இருக்கும் சத்தை மேலும் போடுவது பணத்தை மழையில் கரைப்பதாகும். தழைச்சத்தை இந்தச் சோதனை அளக்காது. பயிரைப் பார்த்து அதற்கான பரிந்துரையை மட்டும் தரும்.

வீட்டுக் கிணற்று நீரையும் இங்கேயே சோதிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நீர் மாதிரிக்குக் கவுண்டிச் சுகாதாரத் துறையை அணுக வேண்டும். முடிவைப் புரிந்துகொள்ள எக்ஸ்டென்ஷன் அலுவலகம் உதவும்.

5. உணவுப் பதப்படுத்தல் வகுப்பு: நம் வீட்டுச் சமையலறைக்கு மிக அவசியமானது

இந்த வகுப்பைத் தமிழ்க் குடும்பங்கள் கட்டாயம் ஒரு முறையாவது முடிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கோடையில் தக்காளியும் அவரையும் கொட்டிக் கிடக்கும்போது, நாம் நம் வழக்கப்படி தொக்கும் ஊறுகாயும் போட்டுக் கண்ணாடிப் புட்டிகளில் அடைத்து அலமாரியில் வைத்துவிடுகிறோம். அமிலம் குறைந்த உணவைக் காற்றுப் புகாமல் அடைத்து அறை வெப்பத்தில் வைத்தால், பாட்டுலிசம் என்ற உயிர்க்கொல்லி நோயைத் தரும் நஞ்சு உருவாகக்கூடும். அதை மணத்தாலோ சுவையாலோ கண்டுபிடிக்க முடியாது. அமிலம் குறைந்த, அதாவது பி.எச். 4.6-க்கு மேல் உள்ள எதற்கும் கொதிநீர் போதாது. 240 டிகிரி ஃபாரன்ஹீட் எட்டும் அழுத்தக் கேனரே (புட்டிகளை அழுத்தத்தில் சூடாக்கும் பெரிய மூடிய பாத்திரம்) வேண்டும். அவரை, பீன்ஸ், சாம்பார், பருப்பு எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவை.

நம் வீட்டுப் பிரஷர் குக்கர் அழுத்தக் கேனருக்கு மாற்றாகாது. சோதித்து வெளியிடப்பட்ட நேர அட்டவணைகள் அனைத்தும், குறைந்தது நான்கு குவார்ட் புட்டிகள் கொள்ளும் கேனருக்காகக் கணக்கிடப்பட்டவை. சிறிய குக்கர் விரைவில் சூடேறி விரைவில் ஆறிவிடுவதால், நுண்ணுயிர்களைக் கொல்லத் தேவையான மொத்த வெப்பம் உணவுக்குச் சேராது. மின்சாரக் குக்கர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பூண்டை எண்ணெயில் ஊறவைத்து வெளியே வைப்பதும் ஆபத்து. தக்காளியைப் புட்டியில் அடைக்கும்போது பைண்ட் ஒன்றுக்கு ஒரு மேசைக்கரண்டி, குவார்ட் ஒன்றுக்கு இரண்டு மேசைக்கரண்டி கடையில் புட்டியாக விற்கும் எலுமிச்சைச் சாற்றைச் சேர்க்க வேண்டும். பிழிந்த சாற்றின் அமில அளவு பழத்துக்குப் பழம் மாறுவதால் அது ஏற்கப்படுவதில்லை.

வகுப்பு பெரும்பாலும் மூன்று நான்கு மணி நேரம், கையால் செய்து பார்க்கும் முறையில் நடக்கும். நான் கட்டியது 25 டாலர். முடிவில் நாங்களே அடைத்த ஒரு புட்டியை வீட்டுக்கு எடுத்து வந்தேன். இடம் பத்துப் பன்னிரண்டு பேருக்குத்தான் இருக்கும்; ஏப்ரல் மாதமே பதிவு செய்யாவிட்டால் கிடைப்பது கடினம். கட்டைவிரல் மடக்க முடியாத அளவுக்கு இறுக்கி மூடியைத் திருகுவதே நல்லது என்று நான் நினைத்திருந்தேன். விரல்நுனியால் இறுகும் அளவே போதும், உள்ளிருக்கும் காற்று வெளியேற இடம் வேண்டும் என்று ஆசிரியை என் கையைப் பிடித்துத் திருப்பிக் காட்டியது இன்றும் நினைவில் இருக்கிறது. எழுத்தில் படித்து வராதது அது.

பழைய கேனர் வாங்கியிருந்தால், அதன் மூடியை மட்டும் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போங்கள். முள் காட்டும் அழுத்தமானியை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். பல அலுவலகங்கள் இதை இலவசமாகச் செய்து தருகின்றன. எல்லா நிறுவன அழுத்தமானிகளையும் சோதிக்கும் கருவி எல்லா அலுவலகத்திலும் இல்லாததால், நிறுவனப் பெயரைச் சொல்லி முதலில் கேட்டுக்கொள்ளவும். என்னுடையது இரண்டு பவுண்டுக்கு மேல் தவறாகக் காட்டியதால் மாற்றச் சொன்னார்கள். எடைக்கல் வைக்கும் வகைக்கு இந்தச் சோதனை தேவையில்லை. மேற்கே மலைப் பகுதிக்குப் போனால் உயரத்துக்கு ஏற்ப அழுத்தத்தைக் கூட்ட வேண்டும் என்பதையும் மறவாதீர்கள். பூன் நகரம் கடல் மட்டத்துக்கு மேல் 3,300 அடிக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது.

வீட்டில் செய்து விற்க நினைப்பவர்களுக்கு: வீட்டுச் சமையலறையை மாநில வேளாண் துறை வந்து பார்த்த பிறகே விற்கலாம். நாய், பூனை வீட்டுக்குள் எப்போதாவது வருமானால், இரவில் படுக்க மட்டும் வந்தாலுங்கூட, அந்த வீட்டுக்கு அனுமதி கிடைக்காது. கிணற்று நீர் என்றால் நீர்ப் பரிசோதனைச் சான்று வேண்டும். ஊறுகாய் வகைகளின் அமில அளவைச் சோதிக்க வேண்டும். அதற்கான தனிப் பயிற்சியும் முடிக்க வேண்டியிருக்கும். சிற்றுண்டிக் கடை தொடங்குபவர்களுக்கு "சர்வ்சேஃப்" என்ற உணவுப் பாதுகாப்பு மேலாளர் பயிற்சியைப் பல கவுண்டிகளில் எக்ஸ்டென்ஷன் அலுவலகமே நடத்துகிறது. சான்றிதழ் 5 ஆண்டுகள் செல்லும், தேர்வன்று புகைப்பட அடையாள அட்டை கட்டாயம்.

குறைந்த வருமானத்தில் பிள்ளைகளை வளர்க்கும் குடும்பங்களுக்கு "எஃப்னெப்" என்ற இலவசச் சத்துணவு வகுப்பு உண்டு. பல வாரங்கள் தொடர்ந்து நடக்கும். "ஸ்னாப்-எட்" என்ற இன்னொரு சத்துணவுக் கல்வித் திட்டத்தின் பழைய துண்டறிக்கை கையில் கிடைத்தால் அதை நம்பிப் போக வேண்டாம். அதற்கான மத்திய நிதி 2025 செப்டம்பர் மாதத்தோடு நிறுத்தப்பட்டுவிட்டது.

6. பிள்ளைகளை ஃபோர்-எச்சில் சேர்த்தல்

ஃபோர்-எச் என்பது எக்ஸ்டென்ஷன் அமைப்பின் இளைஞர் திட்டம். தலை, இதயம், கைகள், உடல்நலம் என்ற நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்தே அந்த நான்கு எச். வட கரோலினாவில் 5 முதல் 18 வயது வரை சேரலாம். வயது ஜனவரி 1-ஆம் தேதியைக் கொண்டு கணக்கிடப்படும். 5 முதல் 7 வயதுள்ளவர்கள் "குளோவர்பட்" பிரிவில் இருப்பார்கள். அவர்களுக்குப் போட்டி கிடையாது.

மாடு வளர்ப்பவர்களுக்கான சங்கம் என்று நம்மவர்கள் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். ஆடு, கோழி உண்டுதான். மேடைப் பேச்சு, மின்னணுவியல், தையல், சமையல் ஆகியவையும் உண்டு. பள்ளி வகுப்பறைகளுக்கு முட்டைகளையும் அடைகாப்புப் பெட்டியையும் கொண்டுவந்து, 21 நாளில் குஞ்சு பொரிப்பதைக் காட்டும் திட்டத்தை நடத்துவதும் இவர்களே. என் மகளுக்கு அறிமுகமானது அப்படித்தான்.

சேர்வதற்கு "ஃபோர்-எச் ஆன்லைன்" தளத்தில் குடும்பக் கணக்கு ஒன்றைத் திறந்து, பிள்ளையின் பிறந்த தேதி, அவசரத் தொடர்பு எண்கள், உடல்நலப் படிவம், நடத்தை விதிகளுக்கான ஒப்புதல், புகைப்பட அனுமதி ஆகியவற்றை நிரப்ப வேண்டும். கணக்கைத் திறந்ததோடு பதிவு முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். அலுவலகம் ஒப்புதல் தந்த பிறகுதான் பிள்ளை உறுப்பினர். "ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது" என்று ஒரு வாரத்துக்கு மேல் இருந்தால் அழைத்துக் கேளுங்கள். குழுக்களுக்குச் சிறு சந்தா இருக்கலாம். முகாம்களுக்குக் கட்டணம் அதிகம். உதவித்தொகை உண்டா என்று கேட்கத் தயங்க வேண்டாம், கேட்பவர்களுக்கே கொடுக்கிறார்கள். விலங்கைக் கண்காட்சிக்குக் கொண்டுபோக விரும்பினால், அதை எந்தத் தேதிக்குள் உங்கள் உடைமையாக்கியிருக்க வேண்டும் என்ற விதியை, விலங்கை வாங்குவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

7. மாஸ்டர் கார்டனர் பயிற்சி

நான் ஓராண்டு இழந்தது இங்கேதான். இதைச் சாதாரண வகுப்பு என்று நினைத்து, தொடங்கும் வாரத்தில் பதிவு செய்யப் போனேன். இது தன்னார்வலரைத் தேர்ந்தெடுக்கும் நடைமுறை: விண்ணப்பம், சிறு நேர்காணல், பின்னணிச் சரிபார்ப்பு எல்லாம் வகுப்பு தொடங்குவதற்கு வெகு முன்பே முடிந்துவிடும். வகுப்பு ஜனவரியில் என்றால் செப்டம்பரிலேயே விண்ணப்பம் எப்போது திறக்கும் என்று கேளுங்கள்.

பயிற்சி பொதுவாக 40 மணி நேரத்துக்குக் குறையாது; வாரம் ஒரு முறை, பெரும்பாலும் வேலை நாளின் பகலில் நடக்கும். பிறகு முதல் ஆண்டில் 40 மணி நேரம் தன்னார்வப் பணி செய்ய வேண்டும். அதன் பின்னர் ஆண்டுதோறும் 20 மணி நேரப் பணியும் 10 மணி நேரத் தொடர் கல்வியும் வேண்டும். கட்டணம் கவுண்டியைப் பொறுத்தது. நூறு முதல் இருநூறு டாலர் வரை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். பாடநூலான எக்ஸ்டென்ஷன் தோட்டக்காரர் கையேட்டை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். படிக்க மட்டும் விருப்பம், பணி செய்ய நேரமில்லை என்பவர்கள் அந்தக் கையேட்டோடு தனித்தனி மாலை வகுப்புகளுக்குப் போவதே நல்லது. ஓர் இடத்தை வீணாக்க வேண்டாம். இந்தப் பட்டத்தைச் சொந்த வியாபார விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது.

சார்பு விசாவில் இருப்பவர்கள், பணி முற்றிலும் ஊதியமற்றது என்பதை எழுத்தில் வாங்கி, தங்கள் குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு முறை காட்டிக்கொள்ளவும். வகுப்புகளில் கலந்துகொள்ள விசா நிலையை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

8. பதிவும் பணமும்

இலவச வகுப்புக்கும் பெரும்பாலும் இவென்ட்பிரைட் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். ஐந்து பேர்கூடப் பதிவு செய்யாவிட்டால் வகுப்பை ரத்து செய்துவிடுவார்கள். ஆகவே, "நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று நான்கு குடும்பங்கள் நினைத்தால் நால்வருக்கும் வகுப்பு இல்லாமல் போகும். சில அலுவலகங்களில் அட்டை வாங்க மாட்டார்கள். காசோலைப் புத்தகத்தை எடுத்துச் செல்லுங்கள். காசோலையை யார் பெயருக்கு எழுத வேண்டும் என்பதையும் கேளுங்கள், ஏனெனில் கவுண்டி, பல்கலைக்கழகம், தன்னார்வலர் சங்கம் மூன்றுக்கும் கணக்கு வேறு. பணம் கட்டிய ரசீதையும் வருகைச் சான்றையும் ஒரே கோப்பில் வையுங்கள்.

பெற்றோர் ஊரிலிருந்து வந்து தங்கியிருந்தால் அவர்களையும் அழைத்துப் போங்கள். என் மாமனார் ஆங்கிலம் அதிகம் பேசமாட்டார். ஆனால் மேய்ச்சல் நிலக் கூட்டத்தில் ஏஜென்ட் புல்லைப் பிடுங்கி வேரைக் காட்டியதும், அதைத் தம் கையில் வாங்கி, கணுவை நகத்தால் கீறிப் பார்த்து, எந்த உயரத்தில் மேய்ச்சலை நிறுத்த வேண்டும் என்பதை விரலால் அளந்து காட்டினார். ஏஜென்ட் தலையசைத்தார். மொழிபெயர்ப்பாளரோ வேறு வசதியோ வேண்டுமானால் கேட்கும் உரிமை உண்டு; ஆனால் நிகழ்ச்சிக்குப் பத்து வேலை நாட்களுக்கு முன்பே கேட்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை.

9. கறிவேப்பிலைக் கன்றைக் கொண்டுவருவதற்கு முன்

ஃபுளோரிடாவிலோ டெக்சஸிலோ இருக்கும் உறவினர் வீட்டிலிருந்து கறிவேப்பிலைக் கன்றைக் காரில் வைத்துக் கொண்டுவருவது நம்மிடம் சாதாரணம். அது சட்டத்துக்குப் புறம்பாகக்கூடும். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் பச்சையாதல் நோயைப் பரப்பும் ஆசிய சிட்ரஸ் சாறுண்ணிப் பூச்சிக்குக் கறிவேப்பிலையும் விருப்பமான செடி. ஆகவே அந்தப் பூச்சி உள்ள தடைப் பகுதிகளிலிருந்து கன்றை வெளியே கொண்டுபோவதை மத்திய வேளாண் துறை கட்டுப்படுத்தியிருக்கிறது. எங்கிருந்து கொண்டுவர எண்ணுகிறீர்கள் என்பதைத் தோட்டக்கலை ஏஜென்டுக்கு ஒரு வரி எழுதிக் கேட்டு, பதில் வந்த பிறகு வண்டியில் ஏற்றுங்கள். வந்த கன்றைத் தொட்டியிலேயே வளர்த்து, அக்டோபர் நடுவில் முதல் உறைபனி விழுவதற்கு முன் வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள்; பீட்மாண்ட் பகுதியில் ஏப்ரல் நடுப்பகுதி தாண்டிய பிறகே மீண்டும் வெளியே வைக்கலாம்.